ஓர் உரலில் மூன்று உலக்கை

அவருடைய இடது கையில் மோதிர விரலின் நுனி சிறு வயதிலேயே போயிருந்தது. அதே கையில் மூன்று விரல்களை நான் உடைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்வதற்கு இது ஒன்றும் கதை இல்லை.

அவர் என் வீட்டில் சமையல் வேலை செய்தவர். கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, கருணாபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். என்னிடம் பியானோ கற்க வந்த பிள்ளைகள் அவரை மலையக்கா என்று கூப்பிட்டார்கள். நான் ‘இந்தாம்மா’ என்பேன். பிறரிடம் பேசும்போது ‘அவள்’ என்பேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். காலம் கடந்து வந்த மரியாதை. பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று போய்க் கேட்டால் “எதுக்கு?” என்பார்.

எதுவும் பாதியில் நிற்பது அவருக்குப் பொறுக்காது. பால்காரர் ஏதாவது ஊர்ச் சண்டையைச் சொல்லத் தொடங்கி, நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறினால், கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். “அந்தாளு செத்தானா பொழைச்சானா சொல்லிட்டுப் போ. பாதிக் கதைய வச்சிக்கினு நான் எப்டி சோறு ஆக்கறது?” பால் திரிந்தாலும் சரி, கதை முடிந்தாக வேண்டும்.

ஒரு முறை பஸ் நிலையத்தில், கூட்டத்தில் இடித்த ஒருவனை அவர் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவன் சட்டைக் காலரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எண்ணி எண்ணி அடித்தார். அவன் மூக்கில் ரத்தம் வந்ததும் ஒரு கண்டக்டர் குறுக்கே புகுந்து, “போதும் உடு அக்கா, செத்துரப் போறான்” என்றார்.

“பத்து போடறேன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன். ஏழுதான் ஆயிருக்கு. மிச்சம் மூணை நீ வாங்கிக்கிறியா?”

கண்டக்டர் விலகிக்கொண்டார். பத்து முடிந்ததும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, கீழே வைத்திருந்த கத்திரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

புருஷனைப் பற்றியும் அப்படித்தான், பூண்டு உரித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார். மலையில் இருந்தவரை அவன் தினமும் அடிப்பானாம். ஒரு நாள் உலக்கையை எடுத்துக்கொண்டார்.

“மொத அடியோட நிறுத்தி இருந்தன்னா எழுந்து வந்து என்னைக் கொன்னு இருப்பான் சார். மூணு போட்டேன். காலு போச்சி. இப்பவும் நொண்டிக்கினுதான் கீறான். ஆனா அவனும் உசுரோட கீறான், நானும் கீறேன்.”

“நீ ராட்சசி” என்று சொல்லிச் சிரித்தேன். அப்போது என் கையில் ரூல்தடி இருந்தது. சற்று முன் அதனால் ஒரு பெண்ணின் விரல் முட்டிகளில் அடித்துவிட்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்திருந்தேன்.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பியானோவை இளம் வயதில் சென்னையில், தேவாலயத்தில் வாசிக்கும் ஒருவரிடம் கற்றேன். அவர் பாடல் குழுவினரை வெறுத்தார். மற்றவர்களோடு சேர்ந்தால் கை கெட்டுப்போகும் என்பார். அதை அப்படியே நம்பினேன். அறுபது வயதுவரை நான் யாரோடும் சேர்ந்து ஒரு வரிகூட வாசித்ததில்லை. மனைவி இறந்த பிறகு முன்னறையில் இருந்த பழைய பியானோவை வைத்து வகுப்பு தொடங்கினேன். வெளிநாட்டுச் சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். அவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அதனால் என் முறை சரியானது என்று நானும் பெற்றோரும் நினைத்தோம்.

முறை இதுதான். தவறான கட்டையில் விரல் பட்டால் உடனே நிறுத்த வேண்டும். கையை நீட்ட வேண்டும். முட்டியில் ஓர் அடி. பிறகு முதலிலிருந்து. இரண்டாம் முறை அதே தவறு வந்தால் இரண்டு அடி. எத்தனை முறை ஆனாலும் முதலிலிருந்துதான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் மலையக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டார்.

“சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? இந்த வூட்ல எந்தப் பாட்டுக்கும் முடிவே கெடையாதா? எப்பப் பாத்தாலும் ஆரம்பமாவே கீது.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அன்று கையை நீட்டினார்கள்.

அதிகம் அடி வாங்கியவள் கயல். அதிகம் திறமை இருந்ததும் அவளுக்குத்தான். வயது பதினான்கு. சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா உரக்கடை வைத்திருந்தார். சேர்க்க வந்த அன்று, “கண்ண மட்டும் உட்டுட்டு மத்தத நீங்க பாத்துக்கங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையைப் பள்ளியில் விடும் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். நான் அதை உரிமைப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

புதுச்சேரியில் இருந்த ஓர் இசைப் பள்ளிக்கு அவளைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். அங்கே இடம் கிடைத்தால் தங்கிப் படிக்கலாம். பிற்பாடு வெளிநாடு போகலாம். அவளுக்கு அந்த ஆசை ஒன்றுதான். காலையில் தனியாக வாசித்தாள். ஒரு தவறும் இல்லை. தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். மதியம் வேறொரு சுற்று. ஒரு வயலின், அதைவிடப் பெரிய செல்லோ ஒன்று, இவள் பியானோ. மூவரும் சேர்ந்து ஒரு சின்னப் பாட்டு. என் வீட்டில் இவள் வாசித்தவற்றின் பாதிக் கடினம்கூட அதற்கு இல்லை.

இரண்டாம் வரியில் அவள் விரல் பிசகியது. நிறுத்திவிட்டாள். கையைப் பியானோவிலிருந்து எடுத்து, உள்ளங்கை கீழே இருக்க, முன்னால் நீட்டினாள். யாரும் அடிக்கவில்லை. வயலினும் செல்லோவும் போய்க்கொண்டே இருந்தன. அவள் திகைத்து அவர்களைப் பார்த்தாள். எங்கே சேர்வது என்று தெரியவில்லை. பாட்டு முடியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேர்வாளர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வரலாம் என்றார்கள். “மற்றவர்களோடு வாசிக்கப் பழக்குங்கள்” என்று என்னிடம் சொன்னார்கள். அவள் கையை நீட்டியதைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கினோம். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

“நீங்கதானே சார் நிறுத்தச் சொன்னீங்க? அவங்க நிக்கவே இல்லையே சார்.”

அறைந்தேன். அவள் கையில் இருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்காரர் வெளியே வந்தார். “யோவ், இன்னாய்யா பொம்பளப் புள்ளய இப்டி அடிக்கிற?” நான் வாத்தியார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாத்தியார் என்ற சொல்லுக்கு அப்போது அவ்வளவு மதிப்பு இருந்தது.

தவறே வராவிட்டால் நிற்கவே வேண்டாம் அல்லவா? நான் எடுத்த முடிவு அதுதான். அடுத்த வாரத்திலிருந்து ஓர் அடி இரண்டாயிற்று. கயலின் முட்டிகள் வீங்கின. ஒரு முட்டியில் தோல் பிய்ந்து, வெள்ளைக் கட்டையில் ரத்தம் பட்டது. துடைத்துவிட்டு வாசி என்றேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் மலையக்கா அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, என் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டார்.

“இங்க பாரு, என் வெரல் எப்டிப் போச்சின்னு உனக்குத் தெரியுமா?”

எனக்கும் அதுவரை தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை. மலையில் சாமை குத்தும்போது ஓர் உரலைச் சுற்றி மூன்று பெண்கள் நிற்பார்களாம். ஒருவர் உலக்கை இறங்கும்போது அடுத்தவருடையது ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாவது உச்சியில் இருக்கும். சிதறும் சாமையை நடுநடுவே கையால் உரலுக்குள் தள்ள வேண்டும். இரண்டு உலக்கைகளுக்கு நடுவில் கை உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

“எனக்குப் பன்னெண்டு வயசு. நானு, எங்கம்மா, எங்க அத்தை. சாமையத் தள்ளினேன், ஒரு வளையலு கழண்டு உள்ள உழுந்திச்சி. அய்யோன்னு நின்னுட்டேன். அவ்ளோதான். அம்மா உலக்கை வந்துக்கினு இருந்திச்சி.”

“அவங்க நிறுத்தி இருக்கலாமே அக்கா?”

“எறங்கிக்கினு இருக்கறத எப்டிம்மா நிறுத்தறது? எங்கம்மா மேல தப்பு இல்ல. நான்தான் நின்னுட்டேன். நிக்காம கைய எடுத்திருந்தா வளையலுதான் ஒடைஞ்சிருக்கும்.”

பிறகு குரலைத் தாழ்த்தாமலே, “தப்பு வந்தா வரட்டும். நீ போய்க்கினே இரு” என்றார்.

நான் அடுக்களைக்குள் போய், சமையல் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னேன். “பாத்துக்கினுதான் கீறேன் சார்” என்றார். தோசைக் கரண்டியில் அவர் பிடி இறுகியதைக் கவனித்தேன். வெளியே வந்துவிட்டேன். எனக்கும் அவரிடம் ஒரு பயம் இருந்தது.

இரண்டாம் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது, களமருதூரில் ஒரு சாவுக்குப் போனேன். மாலைதான் வருவேன், பிள்ளைகள் தாங்களாகவே பழகட்டும் என்று சொல்லியிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்து மூன்று மணிக்கே திரும்பிவிட்டேன். தெரு முனையிலேயே பியானோ கேட்டது. கூடவே ஓர் இடிச் சத்தம். நல்ல கனமான, சீரான இடி. வாசலை நெருங்கினால் மிளகாய் நெடி.

முன்னறையில், என் பியானோவின் காலடியில் சாக்கை விரித்து, இரும்பு இடி உரலை வைத்துக்கொண்டு மலையக்கா மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். கயல் பியானோவில். எதிர்ச் சுவரோரம் இன்னொரு மாணவி சின்ன கீபோர்டில் வயலின் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தாள். மூவருக்கும் கண்ணில் தண்ணீர். நடுவில் ஒருத்திக்குத் தும்மல் வந்தது; தும்மிக்கொண்டே வாசித்தாள். மலையக்கா இடையிடையே வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். பிள்ளைகள் இருவரும் திரும்பிப் பார்க்காமலே குறைத்தார்கள். “கேட்டுக்கினே வா, கேட்டுக்கினே வா” என்றார் அவர்.

கயல் தவறு செய்தாள். சாதாரணத் தவறு இல்லை. கை முழுவதும் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. அவள் ஒரு நொடி மிளகாய் இடிக்கும் கையைப் பார்த்தாள். அடுத்த இடியில் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டாள். சிரித்தாள். அந்தப் பெண் பியானோவின் முன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது தலையைத் தூக்கி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

என் பியானோவுக்குள் மிளகாய்ப் பொடி போகிறது என்பதால் கோபம் வந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. அதுதான்.

நாலே எட்டில் போய்ப் பியானோவின் மூடியைப் பிடித்தேன். தேக்கு மூடி, விளிம்பில் பித்தளைப் பட்டை. அவள் பத்து விரல்களும் கட்டைகளின்மேல் இருந்தன. எனக்குத் தெரியும். பார்த்தேன். பார்த்துத்தான் முழு பலத்தோடு அறைந்து மூடினேன்.

மலையக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. வலது கையால் கயலை நாற்காலியோடு தள்ளினார். இடது கை மூடிக்கும் கட்டைகளுக்கும் நடுவில் போய்விட்டது. கட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் அலறின. அதற்குள் சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் தனியாகக் கேட்டது.

அவர் கத்தவில்லை. மூடியை வலது கையால் தூக்கி, இடது கையை வெளியே எடுத்துப் பார்த்தார். மூன்று விரல்கள் வேறு திசையில் இருந்தன. தரையில் விழுந்து கிடந்த கயல்தான் கத்தினாள்.

அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். மலையக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காக இடம் விட்டார் என்று இப்போது புரிகிறது. “மூடி நழுவி விழுந்துவிட்டது டாக்டர்” என்றேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

கட்டுப் போட்டு வெளியே வந்ததும், நான் பேசுவதற்குள் மலையக்கா பேசினார்.

“சார், அன்னிக்கு என் வெரல் போன கதைய நீங்க வெளிய இருந்து கேட்டுக்கினுதானே இருந்தீங்க? எங்கம்மா பாக்காம போட்டாங்க. நீங்க பாத்துப் போட்டீங்க.”

ஆட்டோ வேண்டாம் என்று நடந்து போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. சில நாளில் கருணாபுரம் அறையைக் காலி செய்துவிட்டு மலைக்குப் போய்விட்டார் என்று பால்காரர் சொன்னார். ஒரு கையால் எந்த வீட்டில் சமைப்பது?

கயலின் அப்பா வந்து என் சட்டையைப் பிடித்தார். “கண்ண உட்டுட்டு மத்ததப் பாத்துக்கச் சொன்னா, கையவாடா கேட்டே?” என்று கன்னத்தில் அறைந்தார். தடுக்கவில்லை. ஆனால் ‘மூடி நழுவிவிட்டது’ என்றுதான் அவரிடமும் சொன்னேன். பிள்ளைகள் எல்லோரும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். கயல் நான் இல்லாமல் புதுச்சேரிக்குப் போனாள். அந்த இன்னொரு மாணவியின் அம்மா பிற்பாடு எனக்குச் சொன்னார். அங்கே வயலின், செல்லோவோடு சேர்ந்து வாசிக்கும்போது நடுவில் கயலுக்குத் தவறு வந்ததாம். இரண்டு தாளம் விட்டு, மூன்றாவதில் சேர்ந்துகொண்டாளாம். வயலின்காரப் பையனுக்கு அவள் விட்டதே தெரியவில்லையாம். இடம் கிடைத்துவிட்டது.

ஒரு வருஷம் கழித்து, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போனேன். விசாரித்து, அவருடைய ஊருக்கு மண்பாதையில் நடந்தேன். ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. கரண்ட் இல்லாமல் அரவை மிஷின் ஓடவில்லை. வீட்டுக்கு வீடு உரல் வெளியே வந்திருந்தது. அவரும் இன்னும் இரண்டு பெண்களும் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மடங்கின. மற்ற மூன்றும் விறைத்து, உலக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

என்னைப் பார்த்தார். உலக்கை நிற்கவில்லை.

“நான் வேணும்னேதான் பண்ணேன்” என்றேன். ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பெரிய பேச்செல்லாம் மறந்துவிட்டது. “அந்தப் பொண்ணு விரலைப் பார்த்துத்தான் மூடினேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்.”

“யாரு அக்கா இவரு?” என்றாள் கூட இருந்த பெண்.

“பாட்டு வாத்தியாரு. ஆரம்பம் மட்டுந்தான் தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். உள்ளே குழந்தை அழுதது. சிரித்தவர்களில் ஒருத்தி உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு விலகினாள். மலையக்கா தாளம் மாறாமலே, தலையால் அந்த உலக்கையைக் காட்டினார்.

“பாதி சாமை கீது. புடிங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டேன். நான் நினைத்ததைவிடக் கனம். சில குத்துகள் சரியாக விழுந்தன. எனக்கு முன்னால் குத்துபவள் மற்ற பெண், எனக்குப் பின்னால் அவர். இருவரையும் கேட்டுக்கொண்டு என்னுடையதைப் போட வேண்டும். நான் என்னை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். உலக்கை உரலின் விளிம்பில் பட்டு வழுக்கியது. தவறு என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். உரலின் வாயில் உலக்கை சாய்ந்து கிடந்தது. அதைத் தாழ்வாகப் பிடித்தபடி என் இடது கை.

அவர் உலக்கை இறங்கியது.

நடுவிரல் நகம் பிளந்து ரத்தம் உலக்கை வழியே ஒழுகியது. கத்தினேன். அவர் பார்த்துப் போட்டாரா, பார்க்காமல் போட்டாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

“நின்னுட்டீங்க” என்றார். அவர் உலக்கை மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. “போய்க்கினே இருங்க.”

துண்டைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டேன். முதலிலிருந்து தொடங்க அங்கே வழி இல்லை. இரண்டு குத்து கேட்டேன். மூன்றாவதில் என்னுடையதைப் போட்டேன்.